நான் மாதாவாகப் பிறந்த மத்தியானம்

மலேசியாவில், சிரம்பான் ரஹாங்கில் இறங்கி என் லோரி ஷெட் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்கு வங்கி மேனேஜர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுக்கிறார். பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வியர்வை சிந்திச் சம்பாதித்ததை மூடி வைத்து என்ன செய்ய?

ஆனால் ஊர் கூடி எனக்கு முதன்முதலாகக் கை தட்டியது லோரி வாங்கியதற்கு இல்லை. பாவாடை கட்டியதற்கு. தலை நிறையப் பூ, கண்ணில் மை, கழுத்தில் பாசிமணி. அன்றைக்கு நான் மாதா. சாட்சாத் தேவமாதா.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தோட்டத்தில் பாதிக்கு மேல் முனியாண்டி சாமி கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள் நாங்கள் ஒரு லயத்து வரிசை வீடுகளுக்குக்கூடக் காணமாட்டோம். ஆனாலும் மேட்டில் எங்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு கோவில் இருந்தது. அர்ச்சியசிஷ்ட அன்னம்மாள் கோவில். சிமெண்டுப் படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். சிரம்பானிலிருந்து வெள்ளைக்காரச் சாமியார் மாதம் ஒரு தடவை மோட்டாரில் வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் சாமியாருக்கு மேலே அங்கே ஒருவர் இருந்தார். அவர் எங்கள் பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசில் பேரேடு எழுதுகிற கையாலேயே அன்னம்மாள் நாடகத்தையும் எழுதியவர். வருடா வருடம் திருநாளன்று பூசை முடிந்து மத்தியானம் கோவில் வாசலில் அந்த நாடகம் நடக்கும்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்னம்மாளும் சுவக்கீனும் மாதாவைப் பெற்றவர்கள். இவர்கள் பெயர் பைபிளில் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் முழுவதும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை. பிற்காலத்தில் ஒரு சாமியாரிடம் கேட்டதற்கு, "அது பாரம்பரியம்" என்றார். வேதத்தில் இடம் கிடைக்காத பழைய ஏட்டிலும் ஜனங்களின் வாயிலும் பிழைத்துக் கிடந்த கதை என்று நான் புரிந்துகொண்டேன். சுவக்கீனுக்கு மந்தை மந்தையாக ஆடு இருந்தது, பிள்ளை மட்டும் இல்லை. திருவிழாவுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது, பிள்ளை இல்லாதவன் காணிக்கை ஆகாது என்று கோவில் குரு தள்ளிவிட்டார். மனிதர் வெட்கப்பட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் மலையில் இடையர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். இங்கே அன்னம்மாள் தோட்டத்து மரத்தில் குருவிக் கூட்டைப் பார்த்து, குருவிக்குக்கூடக் குஞ்சு இருக்கிறதே என்று அழுதாள். வானத்திலிருந்து சம்மனசு வந்து இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் செய்தி சொன்னார். எருசலேமின் பொன் வாசலில் இருவரும் எதிரெதிரே வந்து சேர்ந்தார்கள். மாதா பிறந்தாள். மூன்று வயதில் அவளைக் கோவிலில் விட்டார்கள். அந்தக் குழந்தை யார் கையையும் பிடிக்காமல், தாய் தகப்பனைத் திரும்பிப் பார்க்காமல், படியேறிப் போனதாம்.

எங்கள் தோட்டத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. அன்னம்மாள் சுவக்கீன் வேஷத்தைப் பிள்ளை இல்லாத புருஷன் பெண்சாதிதான் கட்ட வேண்டும். பொன் வாசலில் அவர்கள் சேர்ந்து நின்றால், அடுத்த திருநாளுக்குள் அந்த வீட்டில் தொட்டில் ஆடும். ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடித்த ஒரு தம்பதிக்கு இரட்டைப் பிள்ளையே பிறந்தது. அதற்குப் பிறகு வேறு தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வந்து கிராணியிடம் வேஷம் கேட்டார்கள்.

கேட்காதவர் என் பெரியப்பா ஒருவர்தான். என் அப்பாவின் அண்ணன், எங்கள் லயத்திலேயே கடைசி வீடு. பெரியம்மா வருடா வருடம் கெஞ்சுவாள்.

"ஊருக்கு முன்னால நான் மலடன்னு நானே தண்டோரா போடணுமா?" என்பார் பெரியப்பா. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருடம் பெரியம்மா கெஞ்சவில்லை. "எனக்கும் வயசு தாண்டுது. இந்தத் தடவை இல்லன்னா இனிமே வாயைத் திறக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம். பெரியப்பா அதற்கு அசைந்துவிட்டார். நேராகக் கிராணி வீட்டு வாசலில் போய் நின்று, "கட்டுறேங்கையா. ஆனா அந்தக் குரு பேசுற வசனத்தை மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லிருங்க" என்றாராம். குரு வேஷம் எப்போதும் கிராணிக்குத்தான். "ஓமோம். ஒரு சொல்லில முடிச்சிடுறன், நீர் யோசியாதையும்" என்று கிராணியும் வாக்குக் கொடுத்தார். ஒத்திகையில் அப்படியே செய்தார்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். வீட்டில் நான் கடைசி. எனக்கு மேலே சோற்றுப்பானையைச் சுற்றி உட்கார இடம் போதாத அளவுக்கு அண்ணன்மார். நாடகத்தில் எனக்கு வேலையே இல்லை. மாதா வேஷம் கிராணியின் சின்ன மகளுக்கு. திருநாள் காலையில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பிவிட்டது. தைத்து வைத்த பாவாடை வேறு எந்தப் பெண் பிள்ளைக்கும் சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. நான் ஒத்திகை எல்லாம் பார்த்தவன், கதை தெரியும். என் அம்மாதான் பாவாடை கட்டி, முடிச்சு அவிழாமலிருக்க ஈரத்துணியால் இறுக்கி, பூ வைத்துவிட்டாள். அண்ணன்மார் விசில் அடித்தார்கள். அம்மா அகப்பையை ஓங்கியதும் ஓடிவிட்டார்கள். அடிவாங்க வேண்டிய ஒருத்தன் ஏற்கெனவே சம்மனசு வேஷத்தில் இருந்தான். என் பெரியண்ணன். புகை போடாத ரப்பர் ஷீட்டில் வெட்டிய சிறகு அவனுக்கு. பார்க்க வெள்ளையாக இருக்கும். கிட்டே போனால் புளித்த பால் நாற்றம்.

ஆட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காணிக்கை ஆட்டுக்கு எங்களிடம் வழியில்லை. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஆட்டுப் பட்டி வைத்திருந்தார், அவர் இரவல் கொடுத்தார். அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா. "நடிக்கத்தான் குடுக்கிறேன். உங்க சாமிக்கு நெசமா குடுத்திராதீங்க" என்று கிராணியிடம் பலமுறை சொல்லி, நம்பிக்கை இல்லாமல் முன் வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்.

மத்தியானம் ஜனம் திரண்டுவிட்டது. சாமியாருக்கு நாற்காலி, பக்கத்தில் தோட்டத்துத் துரைக்கும் ஒரு நாற்காலி. கோவிலே எருசலேம் கோவில். அதற்கு எதிரே மூங்கில் வளைத்து, சிகரெட் பெட்டித் தாளில் மஞ்சள் பூசி ஒட்டிய பொன் வாசல். தூரத்தில் ரப்பர் மரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை, அதுதான் மலை. நான் கோவில் பக்கச் சுவரில் கட்டிய சேலைத் திரைக்குப் பின்னால், பிறப்பதற்குக் காத்திருந்தேன்.

பெரியப்பா ஆட்டை ஓட்டிக்கொண்டு படிக்கு வந்தார். கிராணி ஜன்னல் திரைத்துணி அங்கியும் காகிதக் கிரீடமுமாக மேல் படியில் நின்றார். எதிரே துரை, சாமியார், இத்தனை ஜனம். மனிதருக்கு வாக்கு மறந்துபோய்விட்டது.

"பிள்ளை இல்லாத கை நீட்டும் காணிக்கையை ஆண்டவர் தொடுவாரோ?" என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. "காய்க்காத மரமே! நிழலுக்கும் உதவாதவனே! உன்னைப் புதைக்க ஒரு பிடி மண் போட யார் உண்டு உனக்கு? போ! இந்தப் படியில் உன் கால் படக்கூடாது!"

பெரியப்பா பதில் வசனம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். ஜனத்தைப் பிளந்துகொண்டு போனார், பாறை வரைக்கும் போனார், பாறையையும் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டார். கதையில் சுவக்கீன் வெட்கப்பட்டுப் போகத்தான் வேண்டும் என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"யப்பா, என்னா நடிப்புயா!" என்று ஒருவர் கத்த, கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. மண்டோர் மட்டும் எழுந்து ஆடு போன திசையை எட்டிப் பார்த்தார்.

பெரியம்மா வந்தாள். பப்பாளி மரத்தில் கட்டிவைத்த குருவிக் கூட்டைப் பார்த்து அழுதாள். அந்த அழுகைக்குக் கிராணி வசனமே எழுதியிருக்க வேண்டாம். பெரியண்ணன் வந்து அவளுக்குச் செய்தி சொன்னான். பிறகு பாறைக்கு ஓடினான், சுவக்கீனுக்குச் சொல்ல. அங்கே யாருமில்லை. சொல்லாமல் வந்தால் கிராணி காதைத் திருகுவார் என்ற பயத்தில், "சுவக்கீனே, பயப்படாதேயும்!" என்று தொடங்கி, வெறும் பாறைக்கு முழு நற்செய்தியையும் ஒப்பித்துவிட்டு வந்தான்.

பெரியம்மா பொன் வாசலில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

பெண்கள் கிசுகிசுத்தது திரைக்குப் பின்னால் எனக்கே கேட்டது. "வாசல்ல ஒத்தையா நின்னுட்டாளே. இனி எங்கேயிருந்து புள்ள?" "சும்மா இருடி, அவ காதுல விழும்." விழுந்திருக்கும். மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கிராணிக்கு அப்போதுதான் உறைத்தது. கிரீடத்தைக் கழற்றினார், மாட்டினார். பாட்டுக் குழுவுக்குக் கை காட்ட, அவர்கள் தெரிந்த ஒரு மாதா பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். என் அப்பாவும் இன்னும் சிலரும் கள்ளுக்கடையைப் பார்த்து ஓடினார்கள். ஆத்திரம் வந்த ஆம்பளை வேறு எங்கே போவான் என்பது அவர்கள் கணக்கு. எனக்குத் தெரியும், அவர் அங்கே போகமாட்டார் என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவார். அவர் பால் வெட்டுகிற ரப்பர் மர நிரை முடிகிற இடத்தில் ஓர் ஓடை. அந்த வயதிலேயே எனக்கு மூளை அப்படி. பாவாடையைத் தூக்கிக் கக்கத்தில் சொருகிக்கொண்டு ஓடினேன்.

அங்கேதான் இருந்தார். ஓடையில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். ஆடு பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"பெரியப்பா, நாடகம் நிக்குது. வாங்க."

"நிக்கட்டும் லா. நீ போ."

"பெரியம்மா வாசல்ல நிக்கிறாங்க."

அவர் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பூவும் பொட்டும் வைத்துக்கொண்டு, அரிக்கிற பாவாடையோடு நான் காத்திருக்க, இவர் கல் எறிகிறாரே என்று. "நீங்க அங்கே வந்தாத்தான் நான் பொறக்க முடியும்! எல்லாம் கட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறேன், நீங்க பாட்டுக்கு இங்கே ஒக்காந்திருக்கீங்க!"

அவர் திரும்பி என்னை உச்சந்தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "யாருக்குடா பொறக்கப் போற?"

"ஒங்களுக்குத்தான். ஒங்களுக்கும் பெரியம்மாவுக்கும்."

"ஒங்கம்மா கேட்டா ஒதைப்பாடா."

"அம்மாதான் பாவாடையே கட்டிவிட்டாங்க."

அவர் ஓடையிலிருந்து காலை எடுத்தார். பிறகு ஓடைத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். என் பாவாடையை இறக்கிவிட்டு, கலைந்த பூவைச் சரியாக வைத்து, என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தார். ஆட்டுக் கயிறு என் கையில்.

நாங்கள் மரங்களிலிருந்து வெளியே வந்ததும் பாட்டு நின்றது. என்னைத் திரைப் பக்கம் இறக்கிவிட்டு, ஆட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டு அவர் பொன் வாசலுக்கு நடந்தார். ஒத்திகையில் இருவரும் தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு. தோட்டத்தில் புருஷன் பெண்சாதி நாலு பேர் முன்னால் தொட்டுப் பேசமாட்டார்கள். பெரியப்பா போய், மூங்கிலைப் பிடித்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விடவில்லை. துரை பார்க்கிறார், சாமியார் பார்க்கிறார், விடவில்லை. ஆடு இதுதான் சமயமென்று வாசலில் ஒட்டியிருந்த பொன்னைத் தின்னத் தொடங்கியது.

அப்போது கதையில் இல்லாத ஒன்று நடந்தது. கிராணி காகிதக் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தார். பெரியப்பா முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொண்டாரும். உம்முடைய காணிக்கையை ஏற்றுக்கொண்டோம்" என்று ஆட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

முன் வரிசையிலிருந்து மண்டோர் துள்ளி எழுந்தார். "ஐயா! கிராணி ஐயா! அது முனியாண்டி ஆடு! ஏத்துக்காதீங்க, சாமி குத்தமாயிரும்!"

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சாமியார் தன் கொச்சைத் தமிழில், "இது எந்தக் கதை? குரு காணிக்கை வாங்குகிறாரா?" என்று கேட்டார்.

"சாமி, இந்த வருசம் வாங்குறார்" என்றார் கிராணி. பிறகு மண்டோரைப் பார்த்து, "ஏற்றுக்கொண்டோம், திருப்பியும் தந்தோம். சரிதானே அண்ணை?" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

நான் ஒருவழியாகப் பிறந்தேன். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு பக்கம் பெரியப்பா, ஒரு பக்கம் பெரியம்மா, படி வரைக்கும் நடந்தேன். அங்கே அவர்கள் கையை விட்டார்கள். ஏறினேன். பாவாடை தடுக்கி விழாமலிருக்கக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே ஏறியதால் திரும்பிப் பார்க்க எனக்கு வழியே இல்லை. ஜனம் அதைப் பக்தி என்று நினைத்தது. கைதட்டல் என்றால் கைதட்டல்! மேலே போய் நின்று பார்த்தபோது என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நடிப்பு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சோறு போடும்போது பெரியப்பா, ஓடைக்கரையில் நான் பேசியதை எல்லாருக்கும் நடித்துக் காட்டினார். "'நீங்க வந்தாத்தான் நான் பொறக்க முடியும்'னு என்னை அதட்டுறான்யா இந்தப் பய!" எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, கரண்டியை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய்விட்டாள்.

சாயந்திரம் பாவாடை முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. பெரியம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், பல்லால் கடித்து அவிழ்த்தாள். சுடுதண்ணீரில் குளிப்பாட்டி மையைக் கழுவினாள். முட்டை பொரித்துக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் முட்டை என்றால் அது ஒரு வழக்கே நடந்து பங்கு பிரிக்கிற சாமான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா என் பாயையும் சட்டைகளையும் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்கி இங்கேயே படுத்துக்கட்டும் அக்கா" என்றாள்.

பெரியம்மா சட்டைகளைப் பார்த்தாள். என் சட்டை எல்லாமே அதில் இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் முட்டையைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கேயே வளர்ந்தேன். அன்னம்மாள் கொடுத்த பிள்ளை என்று தோட்டமே சொன்னது. எனக்குக் காய்ச்சல் வந்தால் பெரியப்பா என்னைச் சைக்கிளில் வைத்து, மருந்துக்கு லுக்குட் டவுன் வரைக்கும் மிதிப்பார். நான் படிப்பை விட்டபோது அவர் அடிக்கவில்லை. தெரிந்த லோரிக்காரனிடம் கூட்டிப்போய், "இவனுக்கு மூளை இருக்கு, புஸ்தகத்துலதான் இல்ல" என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். என் முதல் லோரிக்கு மாலை போட்டவள் பெரியம்மா. இன்றைக்கு என் லோரி ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'அன்னம்மாள் துணை' என்று எழுதியிருக்கிறது. அது என் அம்மா பெயரா என்று புது டிரைவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். தானாக உழைத்து முன்னேறியவன் என்று மேடையில் என்னைச் சொல்லும்போது நான் மறுப்பதில்லை. ஆனால் தானாகப் பிறந்தவன் இல்லை நான்.

திருநாள் முடிந்து சில நாள் கழித்து ஒரு மத்தியானம், விளையாடிக்கொண்டிருந்தவன் பசி தாங்காமல் பழைய ஞாபகத்தில் எங்கள் வீட்டுக்குள் ஓடினேன். அண்ணன்மார் பானையைச் சுற்றி முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது என்று ஒன்று கிடையாது. அம்மா அகப்பையால் பானையைத் தட்டுவாள், வந்தவனுக்குச் சோறு, வராதவனுக்கு நீராகாரம்.

அன்றைக்கு அம்மா என்னை வாசலில் பார்த்ததும் எழுந்து நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாப்பா. சாப்பிட்டியா?"

எங்களில் யாரையும் அவள் அப்படிக் கேட்டதில்லை. அண்ணன்மாரைத் தள்ளி உட்காரச் சொல்லி, அப்பா உட்காருகிற பலகையை எனக்குப் போட்டாள். அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். எனக்கு முதலில் பரிமாறிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. எதிரே உட்கார்ந்து, ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டே, "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடு" என்றாள்.

அண்ணன்மார் வாய் பிளந்து பார்த்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, மீன் முள்ளை மெதுவாக, பெரிய மனிதன் போல எடுத்துப்போட்டேன். மாதா வேஷம் கட்டியவனுக்குச் சொந்த வீட்டிலும் மரியாதை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.